சுவரை வெட்டாதீர்கள்

கிரகப்பிரவேசத்துக்கு வருகிற உறவுக்காரர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போவதில்லை: "வீடு அம்சமா இருக்கு. இந்த வயரை மட்டும் உள்ளே விட்டிருக்கலாம்." ஹாலில் இருக்கும் மோடத்திலிருந்து படுக்கையறைக்குச் சுவரோரமாகப் போகிற நெட்வொர்க் கேபிளையும், அதை மூடியிருக்கும் வெள்ளைப் பட்டையையும்தான் சொல்கிறார். வீட்டுக்காரருக்கு அன்று இரவு தூக்கம் வராது. அடுத்த வாரம் கட்டிங் மெஷினோடு ஆள் வருவார். வயர் கண்ணில் பட்டால் அசிங்கம், சுவருக்குள் போனால்தான் சுத்தமான வேலை என்பதில் வீட்டுக்காரர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், உள் அலங்காரம் செய்பவர் எல்லோரும் ஒரே கட்சி. மின்சார வயர் விஷயத்தில் அந்தக் கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. நெட்வொர்க் கேபிள் விஷயத்தில் அது சுத்த அபத்தம்.

இந்த நம்பிக்கைக்கு வயதும் அதிகமில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். உத்தரத்துக்குக் கீழே தேக்கு ரீப்பர் நூல் பிடித்தாற்போல் ஓடும். அதன்மேல் வயர், சீரான இடைவெளியில் சிறிய தகட்டு கிளிப்புகள், மரக்கட்டையில் உட்கார்ந்த கறுப்பு பேக்கலைட் சுவிட்ச். எல்லாம் வெளியேதான். யாரும் அதை அசிங்கம் என்று சொன்னதில்லை. ரீப்பர் கோணாமல் போயிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லையா, வயரின் வழியே கண்ணை ஓட்டினால் போதும். பிவிசி பைப்பைச் சுவருக்குள் வைத்துப் பூசும் வழக்கம் பரவியதும், வெளியே ஓடும் வயர் முதலில் பழைய வீட்டின் அடையாளம் ஆனது, பிறகு வசதியில்லாத வீட்டின் அடையாளம் ஆனது. வாயில் அழகு என்று வருகிறதே தவிர, மனசில் இருப்பது அந்தஸ்து.

மின்சார வயரையும் நெட்வொர்க் கேபிளையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. 230 வோல்ட் இன்றைக்கும் 230, முப்பது வருடம் கழித்தும் 230. ஒருமுறை சரியான தடிமனில் இழுத்த செம்புக் கம்பி நெடுநாள் உழைக்கும். நெட்வொர்க் அப்படியா? செம்புக் கேபிளில் நொடிக்கு 1 கிகாபிட் அனுப்பும் தரம் 1999-இல் வந்தது, 10 கிகாபிட் 2006-இல், இடைப்பட்ட 2.5, 5 கிகாபிட் வேகங்கள் 2016-இல். கேபிளின் ரகமும் கேட் 5 போய் 5இ வந்தது, பிறகு 6, 6ஏ. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதே ஃபைபர்தான். நாளைக்கு அறைக்கு அறை அதுவே போகலாம். என்றாவது மாற்ற நேரும் என்று தெரிந்த பொருளைச் சிமென்ட் பூசிப் புதைக்கிறோம்.

போதாததற்கு அது தொட்டாற்சிணுங்கி. உள்ளே எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் வேறு வேறு நெருக்கத்தில் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் இரைச்சலை ஜோடியின் இரண்டு கம்பிகளும் சமமாக வாங்குவதால், மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிகளுக்காக 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. முறுக்கு கலையாமல் இருக்க வேண்டுமானால், கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரம் இருக்கும்படிதான் வளைக்கலாம். கேட் 6-க்கு அது ஏறக்குறைய ஓர் அங்குலம். இழுக்கும் விசை சுமார் 11 கிலோவைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் நடப்பது என்ன? எல்போ மூன்று போட்ட பைப்பில் ஸ்பிரிங் விட்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுக்கிறார்கள். மேலுறை ஒரு கீறல் இல்லாமல் வந்து நிற்கும். உள்ளே என்ன ஆயிற்று என்று யார் பார்த்தார்?

பார்க்கத் தோன்றவும் தோன்றாது, ஏனென்றால் இந்தக் கேபிள் சத்தமில்லாமல் கெடும். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பி போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழுப்பு நிறக் கம்பி உள்ளே அறுந்துவிட்டது என்று வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தாங்களாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், படம் ஓடும், மெயில் வரும். 300 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குப் படுக்கையறையில் 95-க்கு மேல் வராது. அவர் கம்பெனிக்குப் புகார் செய்வார். வருகிறவர் மோடத்தை மாற்றிக் கொடுப்பார். பையன் லேப்டாப்பை ஃபார்மட் செய்வான். சுவரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. வெளியே ஓடும் கேபிளாக இருந்தால் வேறொன்றைத் தரையில் விரித்துச் சொருகி, பத்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்து, அன்றே மாற்றியும் விடலாம்.

வயரைவிட வேலையின் குறையைத்தான் சுவர் நன்றாக மறைக்கிறது. கேபிள் இரண்டடி குறைந்துபோனால், கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் புதிதாக இழுப்பார். சுவருக்குள் என்றால் எட்டு கம்பியையும் உரித்து, நிறத்தோடு நிறத்தை முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமென்டை அப்பிவிடுவார். வெயிலில் டேப்பின் பசை இளகும். மழையில் சுவர் ஈரம் ஏறினால் செம்பில் களிம்பு பிடிக்கும். போலிக் கேபிளும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. முழுச் செம்பு என்று நம்பி வாங்கியது, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதாக இருக்கும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். நெட்வொர்க் கேபிளுக்கான தரங்கள் அதை ஏற்பதில்லை. நாலு முறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். விற்றவருக்குத் தெரியும், போட்டவருக்குத் தெரியும். பூச்சு காய்ந்தபின் கேட்பார் இல்லை.

"டேட்டா வயர்தானே சார், கரண்டு பைப்பிலேயே விட்டுடலாம்" என்பது அடுத்த விபரீதம். இதற்குத் தலையாட்டுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் புதிதாகக் காடி வெட்டும் செலவு மிச்சம். இரைச்சல் புகும் என்பதைக்கூட விடுங்கள், வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்குப் பெரும்பாலும் முறுக்கே அதைச் சமாளித்துவிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இழுக்கும்போது இரண்டின் உறையும் ஒரே இடத்தில் உரசிக் கிழிந்தால், 230 வோல்ட் கணினிவரை வந்து நிற்கும். இரண்டும் ஒரே பைப்பில் போகக் கூடாது, இதில் பேரம் கிடையாது.

வெட்டுகிற சுவரையும் யோசிக்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் கிடைமட்டமாக நீளக் காடி வெட்டினால் சுவர் பலமிழக்கும். தூணிலும் பீமிலும் வெட்டினால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல்மூடல் போய்த் துருவுக்கு வழி திறக்கும். இப்போது எழும்பும் உயரமான அடுக்ககங்கள் சிலவற்றில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட்டே சுவர். அங்கே வெட்டுவது கட்டடத்தைத் தாங்கும் உறுப்பை. ஒரு கேபிளுக்காக அங்கே மெஷினை எடுக்கிறவரைப் பக்கத்து வீட்டார் போலீஸில் பிடித்துக் கொடுத்தாலும் தப்பில்லை என்பேன்.

இத்தனை தொல்லை எதற்கு, வைஃபை போதுமே என்பார்கள். கைபேசிக்குப் போதும். ஆனால் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். கான்கிரீட்டில் இன்னும் மோசம். ரிப்பீட்டர் வாங்கி வைத்தால், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற சாதாரண ரகம் வேகத்தைப் பாதியாக்கும். இங்கேயும் மறைக்கும் ஆசை விடுவதில்லை. ரவுட்டர் கண்ணை உறுத்துகிறதென்று அதை டிவிக்குப் பின்னாலோ இரும்புப் பீரோவுக்குப் பக்கத்திலோ தள்ளிவிட்டு, சிக்னல் இல்லை என்று புலம்புகிறார்கள்.

அப்படியானால் வயரைத் தரையில் புரள விடச் சொல்கிறேனா? கதவிடுக்கில் நசுங்குவதும், காலைத் தடுக்குவதும், பாய்க்கடியில் மிதிபடுவதும் சோம்பேறித்தனம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேலே, கதவு நிலையை ஒட்டி, ஓர் அங்குல கேசிங் கேப்பிங் நேராக ஓடட்டும். சுவருக்கு அடித்த பெயிண்டையே அதற்கும் ஒரு கோட் அடித்தால், நாலு நாளில் வீட்டார் கண்ணுக்கே தெரியாமல் போகும். கெட்டுப்போனால் மூடியைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, மூடிவிடலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது தோது. காலி செய்யும்போது அடைக்க வேண்டியது சில ஸ்குரூ ஓட்டைகள்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பைப்பைப் புதைக்கட்டும், வெறும் கேபிளைப் புதைக்க வேண்டாம். நெட்வொர்க்குக்கென்று தனியாக 25 மில்லிமீட்டர் பைப், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே இரண்டு வளைவுக்கு மேல் இல்லாமல், உள்ளே ஒரு நைலான் கயிறு. நான்கு கேபிள் தாராளமாகப் போகும், பின்னால் ஃபைபரும் போகும். அந்தப் பெட்டிகளின் மூடி சுவரில் தெரியத்தான் செய்யும். அதன்மேல் பட்டி பார்த்து மறைத்துவிடலாம் என்று பெயிண்டர் யோசனை சொன்னால், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது என்று எலக்ட்ரீஷியன் வந்து நின்றால், கிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை ஒவ்வோர் அறையிலும் சொருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்று காட்டினால் மீதிக் கூலியைக் கொடுக்காதீர்கள்.