வணிகப் பொருளியலும் பயிற்று மொழியும்

நெதர்லாந்து நாட்டின் இராட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வணிகப் பொருளியல் கற்க விழையும் மாணவன்முன் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்றில் நுழைந்தால் அந்நாட்டு மக்களின் மொழியாகிய ஒல்லாந்த மொழியில் மூன்றாண்டு பயின்று பட்டம் பெறலாம். மற்றொன்றில் நுழைந்தால் பல்கலைக்கழகமும் அதுவே, கல்வித்துறையும் அதுவே. பயிற்று மொழி மட்டும் ஆங்கிலம். பன்னாட்டு மாணவர்க்கென்று திறக்கப்பட்ட இவ்விரண்டாம் வாயில் முதல் வாயிலை அடைத்துவிடுமோ என்னும் அச்சம் அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் ஓங்கி ஒலித்தது. அவ்வச்சத்தின் வேர் ஆழமானது.

கி.பி. 1548-இல் புரூச்சு நகரில் பிறந்த சீமோன் சுதெவின் என்பான் முதலில் கணக்கெழுதிப் பிழைத்தவன். அக்காலத்து வட்டிப் பட்டியல்களைப் பொருள்வணிகர் கையெழுத்தில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தனர். கடன் வாங்குவோனுக்குத் தன் கடன் வளரும் வகை தெரியாது; தெரிந்தவன் கொடுப்போன் ஒருவனே. சுதெவின் 1582-இல் அப்பட்டியல்களை மக்கள் மொழியில் அச்சிட்டு ஊரறிய வைத்தான். 1585-இல் கீழ்வாய் எண்களைப் பத்துப் பத்தாகப் பகுத்துக் கணக்கிடும் முறையை ஒரு சிறு சுவடியாக, அதுவும் ஒல்லாந்த மொழியிலேயே வெளியிட்டான். நிலம் அளப்போனும் துணி அளப்போனும் அதனைப் படித்தறிந்தனர். மறு ஆண்டில், தன் நிறைநூலுக்கு முன்னுரையாகத் தாய்மொழியின் தகுதியைப் பற்றியே ஒரு நெடிய உரை வரைந்தான். அறிவு நூலெல்லாம் இலத்தீனில்தான் எழுதப்பட வேண்டும் என்று கற்றோர் செருக்கித் திரிந்த காலம் அது.

எழுதியதோடு அவன் அமையவில்லை, சொல்லும் படைத்தான். ஐரோப்பிய மொழிகள் பலவும் கணக்கறிவுக்குக் கிரேக்கச் சொல்லையே கடன்கொண்டு வழங்க, ஒல்லாந்தர் 'ஐயமற்ற அறிவு' என்று பொருள்படும் 'விசுகுண்டே' என்னும் தம் சொல்லை இன்றும் வழங்குகின்றனர். அச்சொல்லுக்கு அடிகோலியவன் சுதெவின். இணைகோட்டுக்கும் அவர்களிடம் சொந்தச் சொல் உண்டு. தனிச்சொல் ஆக்குவது வீண்வேலை என்று நகைப்போர், நானூறு ஆண்டுகளாக ஒரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அச்சொற்களாலேயே கணக்குக் கற்று வருவதை எண்ணிப் பார்ப்பாராக. 1600-இல் இலெய்டன் நகரில் அவன் திட்டம் வகுத்துக் கொடுத்த பொறியியற் பள்ளியிலும் பாடம் இலத்தீனில் நடக்கவில்லை, தாய்மொழியில்தான் நடந்தது.

(அவ்வொல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகையிலும் துணி வாங்கிய நாளில் விட்டுச்சென்ற 'துட்டு' தமிழர் வாயில் இன்னும் புரள்கிறது. காசு என்னும் நற்சொல் இருக்க, அதனை ஏன் சுமப்பது?)

இவ்வழியில் வளர்ந்ததே அந்நாட்டு வணிகப் பொருளியல். 1913-இல் இராட்டர்டாம் வணிகர்கள் துணைநின்று வணிக உயர்கல்விக் கூடம் ஒன்றை நிறுவினர். அதில் நாற்பதாண்டு கற்பித்த யான் தின்பெர்கனே 1969-இல் பொருளியலுக்கென முதன்முதல் வழங்கப்பட்ட நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். 1922-இல் ஆம்சுட்டர்டாமில் பேராசிரியப் பொறுப்பேற்ற தியோடோர் இலிம்பெர்கு, மாற்றீட்டு மதிப்புக் கொள்கையைத் தம் மொழியில் வகுத்தார். அதனை ஒரு மளிகைக் கடையை வைத்தே விளக்கிவிடலாம். 100 உருபாவுக்கு வாங்கிய அரிசி மூட்டையை 120-க்கு விற்றவன் 20 உருபா ஊதியம் என்று மகிழ்கிறான். அடுத்த மூட்டையின் விலையோ 125 ஆகிவிட்டது. விற்ற பணம் முழுவதையும் கொடுத்தாலும் அவனால் அதே மூட்டையை வாங்கி வைக்க முடியாது. அவன் உண்டது ஊதியமன்று, முதல். விலை ஏறும் காலத்தில் எந்த வணிகனும் அறிந்திருக்க வேண்டிய இவ்வுண்மையை, கடைக்காரனும் கணக்காயனும் பேசும் மொழியில் பல்கலைக்கழகம் சொன்னது.

2002-இல் இளநிலை, முதுநிலை என்னும் ஐரோப்பியப் பொதுப் பட்டமுறை வந்தபின் ஆங்கில வகுப்புகள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்க்கு உள்நாட்டார்க்குரிய கட்டணமே போதும். அரசு தரும் பணமும் மாணவர் தொகையை ஒட்டியே வரும். எனவே ஆள் சேர்க்க ஆங்கிலம் கருவியாயிற்று. 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டு உயர்கல்வியில் பயின்ற வெளிநாட்டினர் 1,20,000-க்கும் மேற்பட்டோர். எல்லையோர மாசுதிரிக்கட்டுப் பல்கலைக்கழகத்தில் மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் அயலார்; அங்கு வணிகப் பொருளியலுக்கு ஆங்கிலமே பயிற்று மொழி.

இதில் வந்த மாணவரைக் குறைகூறுவது அறமன்று. கதவைத் திறந்தவர் பல்கலைக்கழகத்தார். வந்தவர் படிக்க வந்தவர். அவருக்கும் இதனால் முழுநன்மை இல்லை. மூன்றாண்டு அந்நாட்டில் வாழ்ந்தும் தெருக்கோடிக் கடையின் கணக்கேட்டைப் படிக்க இயலாதவராய், பெருநிறுவனங்களை மட்டுமே நம்பி நிற்கிறார். உள்நாட்டு மாணவனின் இழப்போ வேறு வகையினது. தன் தந்தையின் கடைக்கு அறிவுரை சொல்ல வேண்டிய இடத்தில் அவனுக்கு வாயில் வருவது ஆங்கிலக் கலைச்சொல். ஒரு தலைமுறை பயன்படுத்தாத கலைச்சொல்லை அடுத்த தலைமுறை அறியாது.

பயிற்று மொழி ஒல்லாந்தமே என்று அந்நாட்டுச் சட்டம் சொல்லத்தான் செய்கிறது. கூடவே, கல்வியின் தன்மையோ மாணவர் வருகையோ வேண்டினால் பிறமொழி ஆகலாம் என்று விலக்கும் தருகிறது. அவ்விலக்கே விதியாகிவிட்டது என்று கல்வி நலங்கருதும் கழகம் ஒன்று இரண்டு பல்கலைக்கழகங்கள்மேல் வழக்குத் தொடுத்தது; 2018-இல் அறமன்றம் அதனைத் தள்ளியது. 2024-இல் அமைச்சர் திக்குகிராபு, இளநிலைப் பாடத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் நாட்டு மொழியில் அமைய வேண்டும் என்னும் சட்ட முன்வரைவை நாடாளுமன்றத்தில் வைத்தார். பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன. அயல்நாட்டு அறிவாளர் வரவு குறையும் என்று பெருந்தொழில் நிறுவனங்களும் கவலை தெரிவித்தன. அக்கவலையைப் புறந்தள்ள வேண்டுவதில்லை. இராட்டர்டாமின் இரு வாயில் முறை அதற்கு விடையாக முன்னமே உள்ளது. பொருட்செலவு மிகும் என்பர். இருமுறை கற்பிக்கச் செலவு ஆகத்தான் செய்யும்.

ஆங்கிலம் பரவிய அப்பல்கலைக்கழகங்களிலும் வணிகப் பொருளியலின் ஒரு கிளைமட்டும் நாட்டு மொழியை விடவில்லை. அது வரிப் பொருளியல். இராட்டர்டாமிலும் மாசுதிரிக்கட்டிலும் அதனை ஒல்லாந்த மொழியிலேயே கற்பிக்கின்றனர். வரிச்சட்டம் அம்மொழியில் இருக்கிறது. வரி அலுவலகத்தின் மடலும் அம்மொழியிலேயே வீட்டுக்கு வருகிறது.