காயம் சிறிது, ஓய்வும் சிறுத்துவிடக் கூடாது

சாவித்துளை அறுவை சிகிச்சையின் எதிர்காலம் என்று யார் பேச ஆரம்பித்தாலும், சிங்கப்பூரில் பேச்சு ரோபோவில்தான் போய் நிற்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2004இல் சிங்கப்பூர் மருத்துவர் லாரன்ஸ் ஹோ, பொறியாளர் லூயிஸ் ஃபீ ஆகியோர் ஹாங்காங் மருத்துவர் சிட்னி சுங்குடன் மிளகாய் நண்டு சாப்பிட்டபோது, நண்டுக் கொடுக்கைப் பார்த்து ஒரு யோசனை பிறந்தது. அது, வாய்வழியே இரைப்பைக்குள் சென்று ஆரம்பநிலைப் புற்றுநோயை அறுத்தெடுக்கும் ரோபோ கருவியாக வளர்ந்தது. ஹைதராபாத்திலும் ஹாங்காங்கிலும் அதன் முதல் நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமைப்பட வேண்டிய சாதனை இது. ஆனால், காயம் சுருங்குவதால் யாருடைய வாழ்க்கை அதிகம் மாறுகிறது என்று கேட்டால், விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை; ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில் நிரம்பி வழியும் கட்டுமான ஊழியர்களிடம் இருக்கிறது.

பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழித்தார்கள்; மருத்துவமனையில் பல நாள், வேலைக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல். இன்று வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, மூன்று நான்கு சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைக்கிறார்கள். பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள். மேசை முன்னால் வேலை பார்ப்பவருக்கு இது வலிக்குறைவு. சிமெண்ட் மூட்டை தூக்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கோ இது பிழைப்பு. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் சாவித்துளைப் பித்தப்பை அறுவையைச் செய்த டெஹம்டன் உத்வாடியா, இந்த முறை ஏழைகளுக்குத்தான் அதிகம் தேவை என்று கடைசிவரை வாதாடினார். பணக்காரர்களின் சொகுசு என்று அதை ஒதுக்கியவர்களுக்கு அவர் அளித்த பதில் அது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், வேலை அனுமதிச்சீட்டு வைத்திருக்கும் ஊழியருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, முன்பு 15,000. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் பகல்நேர அறுவையும் இதில் அடங்கும். ஆகவே பித்தப்பைக்கும் குடலிறக்கத்துக்கும் வழக்கமான சாவித்துளை முறை எட்டாத உயரத்தில் இல்லை. ரோபோ வேறு கதை. மலக்குடல் புற்றுநோயாளிகள் 471 பேரிடம் நடந்து 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பாதியில் திறந்த அறுவைக்கு மாற நேரிடுவதை ரோபோ குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாக நிரூபணமாகவில்லை. செலவு மட்டும் கூடியது. குறுகிய இடத்தில் நுட்பமாகத் தைக்க அது உதவலாம். எல்லா அறுவைக்கும் அதுவே வழி என்பதற்கு ஆதாரம் இல்லை.

துளை சிறிதானால் பலன் பெரிது என்பதும் எப்போதும் உண்மையல்ல. ஆரம்பநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை விரிவாக அகற்றும் அறுவையில், நாலரை ஆண்டுக்குப் பின் நோயின்றி இருந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை முறையில் 86 விழுக்காடு என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவ உலகமே அதிர்ந்தது. நோய்க்கு நோய் சான்றைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பித்தப்பைக்கு அந்தச் சான்று முப்பது ஆண்டுகளாகக் குவிந்திருக்கிறது.

என் கவலை அறுவைக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றியது. வெளியே தெரிவது பிளாஸ்திரி ஒட்டிய மூன்று புள்ளிகள். உள்ளே ஆறவேண்டியது அதைவிட அதிகம். குடலிறக்கத்துக்கு வலை வைத்தவர் எப்போது பாரம் தூக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் அல்ல. ஆறு மாதம் பணியாற்றியவருக்குச் சட்டப்படி, சாதாரண மருத்துவ விடுப்பையும் சேர்த்து, ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு. ஆனால் வேலை அனுமதியை முதலாளி ரத்து செய்யலாம் என்று அஞ்சுபவர், உரிமை இருந்தும் கேட்கத் தயங்குவார். வலியைப் பொறுத்துக்கொண்டு அறுவையையே தள்ளிப்போடுவார். வேலைப்பளு குறைந்த பணி தந்தால் போதுமே என்பார்கள். தரலாம், அது எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வாரம், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதைத் தமிழிலும் வங்காளத்திலும் அச்சிட்ட தாளில் மருத்துவமனை தரட்டும். முதலாளி அதில் கையெழுத்திடட்டும். அந்தக் காலம் முடியும்வரை அனுமதியை ரத்து செய்ய மனிதவள அமைச்சு இடம் தராதிருக்கட்டும்.