தவறே செய்யாத பிள்ளை

எழுத்தாளனாக இருப்பதில் உள்ள தொல்லைகளில் ஒன்று, தெரிந்தவர்கள் எல்லாரும் எதையாவது எழுதித் தரச் சொல்லிக்கொண்டு வருவது. கல்யாண வாழ்த்து மடல், பிரிவு உபசாரப் பத்திரம், சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு ஒரு மனு, எல்லாம் எழுதிக் கொடுத்துப் பழகியவன்தான் நான். ஆனால் அடுத்த வீட்டு இளைஞன் சென்ற வாரம் வந்து கேட்ட காரியம் புதுமாதிரியானது.

"மாமா, எனக்கு ஒரு தப்பு எழுதித் தரணும்" என்றான்.

பயந்துவிடாதீர்கள். பையன் பரம சாது. விமானப் பயிற்சிப் பள்ளியில் 200 மணி நேரம் பறந்து வர்த்தக விமானி உரிமமும் வாங்கிவிட்டான். அதற்காக அவன் அப்பா வீட்டைப் பாங்கியில் ஈடு வைத்திருப்பது தெரு முழுவதற்கும் தெரியும். துணை விமானி வேலைக்கு இப்போது இன்டர்வியூ வந்திருக்கிறது. "நீ செய்த தவறு ஒன்றைச் சொல்" என்று அங்கே கேட்பார்களாம். பயிற்சி நிலையத்தார் கொடுத்த நோட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் கூடப் படித்த அத்தனை பேரும் அதையே உருப்போட்டிருப்பதால், இவனுக்கு மட்டும் புதிதாக ஒரு தவறு தேவைப்பட்டது. கதை எழுதுகிற மாமாவுக்கு இது கைவந்த கலை அல்லவா?

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'எதையும் அப்பழுக்கில்லாமல் செய்ய நினைப்பதால் சில சமயம் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்' என்று இருந்தது. இது தவறாம்! பெண் பார்க்க வந்தவர்களிடம், 'எங்கள் பெண்ணிடம் ஒரே குறைதான், அவளுக்குக் கோபமே வராது' என்று சொல்கிற சாமர்த்தியம் இது.

இன்னொரு கேள்வி: காப்டன் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாய்? 'மரியாதையுடன் எடுத்துச் சொல்வேன். விமானத்தை எடுக்க விடமாட்டேன். உரிய அதிகாரியிடம் தெரிவிப்பேன்.' சரியான பதில்தான். பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான்.

"போன ஞாயிற்றுக்கிழமை உங்க அப்பா ஒருவழிப் பாதையில் காரை விட்டாரே, நீயும் கூடத்தானே இருந்தே? என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட எப்படி மாமா?" என்றான்.

இந்த 'எப்படி' எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று விமானத் துறை எழுதியே வைத்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரீப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். விமானத்தின் காப்டன் அந்தக் கம்பெனியின் தலைசிறந்த பயிற்சியாளர். விளம்பரங்களில் படம் வந்தவர். அனுமதி கிடைக்காமலே அவர் விமானத்தை ஓட விட்டபோது, பின்னால் இருந்த விமானப் பொறியாளர், 'அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ?' என்ற பொருளில் கேட்டார். காப்டன் அழுத்தமாக மறுத்தார். அவ்வளவு பெரிய மனிதரிடம் பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இறந்தவர்கள் 583 பேர்.

2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி வாய் திறக்கத்தான் செய்தார். துபாயிலிருந்து வந்த விமானம் மிக உயரத்தில், மிக வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்காமல் மறுபடி மேலே கிளம்புங்கள் என்று மூன்று முறை சொன்னார். வழியில் நெடுநேரம் உறங்கிவிட்டு எழுந்திருந்த காப்டன் கேட்கவில்லை. 158 பேர் மாண்டார்கள். வாய் திறக்கப் பழகாத துணை விமானிதான் பத்து வருஷம் கழித்துக் காதுகொடுக்கப் பழகாத காப்டனாகிறான் என்பது என் எண்ணம்.

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து உலக விமானக் கம்பெனிகள் இதற்கென்றே பாடம் வைத்து, பெரியவரைத் தடுத்துப் பேசவும் சின்னவர் சொன்னால் நிறுத்தவும் விமானிகளைப் பழக்கி வருகின்றன. இன்டர்வியூவில் 'உன் தவறு என்ன' என்று கேட்பதும் அதற்காகத்தான். நாமோ என்ன செய்கிறோம்? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று இருபது வருஷம் பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டு, அது திறந்திருப்பதுபோல் நடிக்கக் கற்றுத் தரும்படி பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுகிறோம். அந்த நிலையத்தாரை மட்டும் திட்டி என்ன பயன்? கேட்கிற சரக்கைத்தானே அவர்கள் விற்கிறார்கள்!

"ஐயா, தலைக்குமேல் கடன் இருக்கும்போது உண்மை பேசிப் பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் அனுபவப்பட்ட காப்டன்கள் இருப்பார்கள். பையனின் பறப்புப் பதிவேடு அவர்கள் முன்னால் திறந்து கிடக்கும். அளவுக்கு மீறி உழைக்கும் தவற்றை அன்று காலையிலேயே ஐந்து பேரிடம் கேட்டிருப்பார்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், கட்டுக்கதை கவிழ்ந்துவிடும். கதை எழுதுகிறவன் சொல்கிறேன், நம்புங்கள். அந்த நோட்டுக்குச் செலவழித்த நேரத்தில் வானிலைப் பாடத்தையும், தான் ஓட்டிய விமானத்தைப் பற்றியும், அரசாங்கமே வெளியிட்டிருக்கும் விபத்து விசாரணை அறிக்கைகள் நாலைந்தையும் படித்திருக்கலாம். தன் பதிவேட்டையே ஒருதரம் நிதானமாகப் புரட்டியிருக்கலாம்.

"நிஜமாகவே நீ ஒரு தப்பும் பண்ணினதில்லையா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். தனியாக வேறோர் ஊருக்குப் பறந்து திரும்புகிற பயிற்சி, புகைமூட்டம். ஓர் ஏரியை வேறோர் ஏரி என்று நினைத்து வழியைத் தவறவிட்டான். ரேடியோவில் சொன்னால் பயிற்சியாளர் காதில் விழுமே என்று வெட்கம். பத்து நிமிஷம் சொல்லாமலே சுற்றினான். பெட்ரோல் முள்ளைப் பார்த்த பிறகுதான், "எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னானாம். கீழே தெரிந்த ரயில் பாதையையும் ஆலைப் புகைபோக்கியையும் கேட்டுக் கேட்டு வழிகாட்டி இறக்கினார்கள்.

"இதைச் சொன்னா வேலை கிடைக்காதுன்னு கோச்சிங்ல சொல்லிட்டாங்க, மாமா."

நோட்டை மூடி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். தவறு எதுவும் எழுதித் தரவில்லை.

மாலையில் அவன் அப்பா வந்தார். எழுதித் தராததைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளத்தான் வந்தார். பேச்சுவாக்கில் நான் ஏரி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டே சொல்லவே இல்லையே! ஏன் சார் சொல்லலே?" என்று என்னைக் கேட்டார்.

அவனையே போய்க் கேளுங்கள் என்றேன். இன்டர்வியூ வருகிற செவ்வாய்க்கிழமை.