பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்...

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருவன். வேலைக்கு வைத்திருக்கும் கணினிகளை மாற்றும் விஷயத்தில் சிறு தொழில் செய்பவர்கள் பலரும் இதைத் தான் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் எந்த ஊரின் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு டிடிபி கடை இருக்கும். திருமண அழைப்பிதழ், காதணி விழா பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் அங்கே தான் தயாராகின்றன. உள்ளே இரண்டு மூன்று கணினிகள், பத்து வயதைத் தாண்டியவை. காலையில் சுவிட்சைப் போட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து விட்டு வந்தால் தான் வேலை தொடங்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். அது வந்ததே 2017-ல். ஆகவே பத்து வருடப் பழைய கணினிகள் தேறாது. "மூன்றையும் மாற்றி விடுங்கள் சார், தவணையில் தருகிறோம்" என்பார் விற்பவர். கடைக்காரரும் தலையாட்டி விடுவார். அழைப்பிதழ் வேலை இல்லாத ஆடி மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராது!

அப்படியானால் மாற்றவே வேண்டாமா? அதுவும் தவறு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டி விட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கான மருந்து மார்ச் மாதமே வெளிவந்து விட்டது. அதைப் போடாத கணினிகள் தான் மாட்டின. மருந்தே வராத கணினியில் இணையமும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பது ஆபத்து.

"எந்தக் கணினி வாங்கலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. "எந்த வேலைக்கு?" என்பது தான் முதல் கேள்வி. மின்னஞ்சல், வாட்ஸ்அப், பணப் பரிமாற்றம் ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பான கணினி கட்டாயம் தேவை. அதற்கு ஒன்று போதும். வாடிக்கையாளர் கொண்டு வரும் பென் டிரைவையும் அதில் மட்டுமே செருகிச் சோதிக்க வேண்டும்.

மற்ற இரண்டும் தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் இருக்கட்டும். இணைய இணைப்பையும் மற்ற கணினிகளோடு உள்ள இணைப்பையும் பிடுங்கி விட வேண்டும். கோப்புகளை எடுத்துச் செல்லக் கடைக்கென்று தனி பென் டிரைவ் வைத்துக் கொள்ளலாம். வேகம் இல்லை என்று வருந்த வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி பிராசஸர் அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க் தான். அதன் முள் ஒவ்வொரு கோப்பாகத் தேடி அலைகிறது. எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே இல்லை. அதை மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கினால் கிழட்டுக் குதிரையும் ஓடும். வெறும் தட்டச்சு வேலை தான் என்றால் லினக்ஸும் லிப்ரே ஆபிஸும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் வேண்டுபவர்களுக்கு லினக்ஸ் ஒத்து வராது.

பழையதை உடனே தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தமிழ்! பல கடைகளின் பழைய கோப்புகள் யுனிகோடில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை தான் தெரியும். சில மென்பொருள்கள் டாங்கிள் என்ற சாவியைச் செருகினால் தான் இயங்கும். அது பேரலல் போர்ட்டில் செருகுவதாக இருந்தால் புதிய கணினியில் இடமே இருக்காது. பல வருட உழைப்பு ஒரே நாளில் வாசிக்க முடியாததாகி விடும். எழுத்துருக்களையும் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து, புதிய கணினியில் திறந்து பார்த்த பிறகே பழையதற்கு விடை கொடுக்க வேண்டும்.

சரி, அந்த ஒரு புதிய கணினி எப்படி இருக்க வேண்டும்? மேசைக் கணினியாக இருந்தால் நல்லது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, நடுத்தர பிராசஸர் போதும். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்தக் காசில் நல்ல யுபிஎஸ் வாங்கலாம். பழைய மானிட்டரும் கீபோர்டும் வேலை செய்தால் அவையே இருக்கட்டும். பயன்படுத்திய கணினி வாங்குவதாக இருந்தால் ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை. இரண்டுக்கும் பெயர் ஒன்று தான், ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவது பின்னது மட்டுமே.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாக மறுசுழற்சிக்குச் சென்றது அதில் கால்வாசி கூட இல்லை. இன்னும் ஐந்து வருடம் உழைக்கக் கூடிய கணினியை அந்தக் குவியலில் சேர்ப்பானேன்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் தான் வேண்டும். மூன்று வாங்கிக் கடனாளி ஆவதை விட, ஒன்றை வாங்கி மற்ற இரண்டைச் சீர் செய்பவரே புத்திசாலி!