சங்க முற்றத்தில் அருகும் மருதோன்றியும்

கூட்டுறவுச் சங்கக் கட்டிடங்கள் சிலவற்றின் முன்னே புல்தரை ஒன்று இருக்கக் காண்கிறோம். திறப்பு விழாவில் பசுமையாயிருந்த அது, இரண்டு கோடைகளுக்குப் பின் வெடித்த கரிசலாய்க் கிடக்கிறது. அதனை மீட்க லாரித் தண்ணீர் வாங்கலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுகிறது. கூடாதென்பதே நமது கருத்து. குடிநீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில், அங்கத்தினர் பணத்தைப் புல்லுக்கு இறைத்தல் முறையன்று.

புல்லின் நோய் தாகம் மட்டுமன்று. கரிசல் நனைந்தால் உப்பும்; உலர்ந்தால் பிளக்கும்; பிளவில் வேர் அறும். ஈரத்தில் மிதிபட்டால் இறுகி, காற்றும் நீரும் புகா. ஆகவே புரட்டாசியில் காய்ந்த புல்லைச் சுரண்டி, கடப்பாரையால் துளையிட்டு, மணலும் மட்கிய தொழுவுரமும் பரப்புக. ஐப்பசி மழையில் அருகந்தண்டுகளை நடுக. புன்செயில் களையான அருகு இங்கே துணையாகும். கோடையில் மேலே காய்ந்தாலும், அடுத்த மழைக்கு அடியிலிருந்து துளிர்க்கும்.

மணத்திற்கு யாது செய்வது? மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் புகழ் பெரிது. ஆயினும் மல்லிகைக்கு வடிகால் வேண்டும். நீர் தேங்கும் கரிசலில் வேர் அழுகும். செம்மண் கலந்த மேட்டுப் பாத்தியில் இரண்டொரு செடி வைக்கலாம். வேலியோரத்திற்கு மருதோன்றியே தக்கது. வறட்சி தாங்கும், பூங்கொத்து மணக்கும், இலையும் பயன்படும்.

1901-இல் தோன்றிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரி மண்ணுக்கேற்ற பயிரையே நாடி வந்துள்ளது. பருத்திக்குப் பொருந்திய அந்நெறி முற்றத்திற்கும் பொருந்தும். அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதனை வலியுறுத்துவார்களாக.