மூவர் கோயிலின் மூன்றாவது விமானம்

பொற்பனைக்கோட்டையைப் பற்றி எழுதுவதாகப் போன வாரமே இந்தப் பத்தி வாக்குக் கொடுத்திருந்தது. புதுக்கோட்டை நகரை ஒட்டிய அந்தச் சங்ககாலக் கோட்டையில் 2023-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. செங்கல் கட்டுமானமும் சிறு தங்க அணிகலனும் குழிகளுக்குள் கிடைத்தன. அதைப் பார்க்கப் புறப்பட்ட பத்தியாளரின் வண்டி வழியில் ஒரு கிராமத்துக் கோயில் முன்னால் நின்றுவிட்டது.

அங்கே திருப்பணி நடந்துகொண்டிருந்தது. முன்மண்டபம் எந்தக் காலத்திலோ சரிந்து மேடாகிக் கிடந்த இடத்தில் ஜேசிபி வேலை செய்தது. பூதகணம் செதுக்கிய கல்துண்டு, சுண்ணாம்புக் காரை, உடைந்த செங்கல், அடியில் இருந்த சாம்பல் நிற மண் எல்லாம் ஒரே வாரலில் டிராக்டருக்குள் விழுந்தன. “குப்பையை அள்ளுனாத்தானய்யா வேலை நடக்கும்” என்றார் ஓட்டுநர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதைக் குப்பை என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இடிபாட்டைக் குப்பையாக அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து எழும் கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழக்கமானது. ஆனாலும் கொடும்பாளூரை நினைத்தால் அது மறுபடி மூண்டுவிடுகிறது.

இடங்கழி நாயனார் ஆண்ட ஊர், சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழியில் வரும் ஊர் கொடும்பாளூர். அங்குள்ள மூவர் கோயிலில் இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் மூன்று விமானங்கள் எழுப்பியதாக நடு விமானத்தின் கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு விமானங்கள் நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

பத்தியாளரின் மேசையை விட்டு நகராத நூல் ஒன்று உண்டு: கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல். 1938 முதல் 1944 வரை வெளிவந்தது. மூவர் கோயில் பக்கங்களைத் திறந்தால் அடிக்கணக்கு நிற்காமல் வரும். ஒவ்வொரு விமானமும் அடியில் 21 அடிச் சதுரம், இடைவெளி 10 அடி, மேற்கு நோக்கிய வாசல், சுற்றிலும் 15 பரிவார ஆலயங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சுவர் கிடையாது, கூரையும் கிடையாது. சமஸ்தானக் காலத்தில் மண்ணை விலக்கியபோது வெளிப்பட்ட அடிக்கற்களை அளந்து எழுதிய கணக்கு இது. அந்த மண்ணை அடியோடு வாரிக் கொட்டியிருந்தால், கல்வெட்டு சொல்லும் மூன்றாவது விமானம் நின்ற இடத்தைக் காட்ட ஒரு கல்லும் மிஞ்சியிருக்காது.

இடிந்த கற்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதும் ஒரு சான்றுதான். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தால் மேல்வரிக் கற்கள் தள்ளிப்போய் விழும், கீழ்வரிக் கற்கள் காலடியிலேயே கிடக்கும். அந்த வரிசையை வைத்துத்தான் எது கபோதம், எது கழுத்து என்று திரும்ப அடுக்க முடியும். இடிபாட்டுக்கு அடியில், தரைமேல் ஒரு காசு கிடைத்தால், அந்தக் காசு அச்சான பிறகே கட்டடம் சரிந்தது என்று தெரியும். இடிபாட்டின் மேல் படிந்த வண்டல், சரிந்த பிறகு கோயில் கவனிப்பாரற்றுக் கிடந்ததைச் சொல்லும். அதனால்தான் அகழாய்வுக் குழியில் கரணையும் தூரிகையுமாக மெதுவாக இறங்குகிறார்கள். குழியின் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, ஒவ்வொரு மண்ணடுக்கையும் வரைந்துகொள்கிறார்கள்.

நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரத்தில், சாத்தன் பூதி எடுத்த கற்றளி மழையால் இடிந்ததையும், மல்லன் விதுமன் அதைப் புதுப்பித்ததையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இன்றைய திருப்பணிகளில் நன்கொடையாளர் பெயர் பளிங்கில் ஏறுகிறது. விழுந்த கற்கள் எப்படிக் கிடந்தன என்று நான்கு புகைப்படம்கூட எடுப்பதில்லை. ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் ஒரு சுண்ணாம்புக் கட்டியால் கற்களுக்கு எண் போட்டு, தாளில் வரைந்துகொள்ள என்ன செலவாகிவிடும்?

பத்தியாளர் கேட்டுக்கொண்டதால் பூதகணத் துண்டை மட்டும் டிராக்டரிலிருந்து இறக்கி வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறார்கள். யாரோ அதற்குக் குங்குமம் இட்டுவிட்டார்கள். அது மண்டபத்தின் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.