நடந்த குற்றம்

இங்கிலாந்து தேசத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மான்செஸ்டர் நகரத்தின்மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக விரலை நகர்த்தினால், இருபது மைல் போவதற்குள்ளேயே நகரத்து வீட்டு வரிசைகள் முடிந்துபோய், படத்தில் பழுப்பு நிறம் தீட்டிய மேட்டு நிலம் வந்துவிடும். அந்தப் பழுப்பு நிறத்தின் விளிம்பில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால் அகப்படக்கூடிய சிற்றெழுத்தில், ஹேபீல்ட் என்று ஒரு பெயர் அச்சாகியிருக்கும். இந்த வாரம் நேயர்களை அந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறேன். கம்பளிச் சட்டை அவசியம். குடையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது வெகு நேரம் உபயோகப்படும் என்று நம்ப வேண்டாம். அவ்விடத்துக் காற்றுக்குக் குடையென்றால் ஆகாது.

டெர்பிஷயர் ஜில்லாவைச் சேர்ந்த சின்னஞ்சிறு ஊர். நடுவிலே ஸெட் என்னும் சிற்றாறு சலசலத்து ஓடுகிறது. வீடுகளெல்லாம் மங்கிய நிறமுள்ள மணற்கல்லால் கட்டியவை. பெனைன் மலைத்தொடரைக் கடந்து பொதிக்குதிரைகளை ஓட்டிச் சென்ற வியாபாரிகள், மலையேறுமுன் இளைப்பாறிய இடங்களில் இதுவும் ஒன்று. ஆற்றையொட்டி ஸெயின்ட் மாத்யூ மாதாகோயில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருநாள் பட்டப்பகலில் இந்தக் கோயில் இடுகாட்டுக் கல்லறைகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிரேதங்கள் எழுந்து, கானம் பாடிக்கொண்டே மறைந்துபோயினவாம். பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஒருவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். செத்தவர்களுக்குக்கூடச் சும்மா கிடக்கப் பிடிக்காத ஊர் போலும்! உயிரோடிருந்தவர்கள் எழுந்து நடந்த கதையே நாம் சொல்ல வந்தது.

ஊருக்குக் கிழக்கே, ஆகாயத்தை மறைத்துக்கொண்டு, கிண்டர் ஸ்கௌட் என்னும் மேடு நிற்கிறது. உயரம் 2,087 அடி. மலை என்றவுடன் கூரான சிகரத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. விளிம்பெல்லாம் செங்குத்தான பாறை. மேலே ஏறிவிட்டாலோ மேஜைபோலப் பரந்த சமநிலம். இத்தகைய மேட்டு நிலத்தைத்தான் ஆங்கிலேயர் 'மூர்' என்கிறார்கள். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநதி கடலில் கொண்டு கொட்டிய மணலே இறுகி இந்தப் பாறை ஆயிற்று. அதன்மேல் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மழைநீரில் ஊறி, மக்கிப்போகாமல் படிந்து படிந்து, 'பீட்' என்னும் கரிய மண்ணாகிக் கிடக்கிறது. காலை வைத்தால் முழங்கால் வரையில் உள்ளே போகும். மழைநீர் அந்த மண்ணை அறுத்து ஆள் உயரத்துக்கு ஓடைகள் வெட்டியிருக்கிறது. ஓர் ஓடைக்குள் இறங்கி மறு கரையில் ஏறினால் எதிரே இன்னோர் ஓடை. அதையும் ஏறினால் மற்றொன்று. மூடுபனியும் இறங்கிவிட்டால் திக்குத் திசை தெரியாமல், தன் காலடியையே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

இவ்வளவு கடூரமான நிலத்தில் அழகு எங்கே என்று கேட்கலாம். ஆகஸ்டு மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். ஹெதர் என்னும் குற்றுச்செடி பூத்து, மைல் கணக்கில் ஊதா நிறக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். கோடையின் தொடக்கத்திலோ பஞ்சுப்புல் தலை வெளுத்து, வெண்பஞ்சு காய்ந்ததுபோல் காற்றில் ஆடும். குளிர்காலத்தில் வெண்ணிறமாக மாறும் மலைமுயல் இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டவற்றின் சந்ததி அது. இங்கிலாந்தில் வேறெங்கும் அந்த ஜாதி முயலைக் காண முடியாது. மேட்டின் மேற்கு விளிம்பிலிருந்து சுமார் 100 அடி கீழே குதிக்கிறது கிண்டர் அருவி. மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த அருவி கீழே விழுவதில்லை! விழ வந்த நீரைக் காற்று தூக்கி மேலே வீசிவிடுகிறது. வெண்புகைபோல் நீர் ஆகாயத்தில் எழுவதை வெகு தூரத்திலிருந்தே பார்க்கலாம். அருவிக்கு அருகே ஒரு குட்டை. ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய நள்ளிரவில் அதில் கடற்கன்னி தோன்றுவாள் என்றும், அவளைக் கண்டவர்களுக்கு மரணமில்லை என்றும் ஊரார் கதை சொல்வார்கள்.

ஆனால், வெகு காலம் வரையில் அந்தக் குட்டைக் கரையில் போய் உட்காரத் துணிந்தவர்களுக்குக் கடற்கன்னியைக் காட்டிலும் தடி பிடித்த காவற்காரரைக் காணும் சாத்தியமே அதிகமாயிருந்தது. அது எப்படி நேர்ந்தது?

நார்மானிய அரசர் காலத்தில் இந்தப் பிரதேசம் ராஜாவின் வேட்டைக் காடு. பிற்காலத்தில் அரசர் வேட்டைக்கு வருவது நின்றுபோயிற்று. கிராமத்தார் ஆடு மேய்த்தார்கள், பீட் மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள், குறுக்கு வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொது நிலங்களை வேலியிட்டுப் பங்கிடும் ஏற்பாடு கிண்டர் மேட்டையும் எட்டியது. நிலம் வைத்திருந்தவர்களுக்கே மேலும் நிலம் கிடைத்தது. இல்லாதவர்களுக்கு வேலியின் வெளிப்புறம் கிடைத்தது. பிறகு கிரௌஸ் என்னும் பறவையைச் சுடுவது பெரிய மனிதர்களின் நாகரிகமாயிற்று. ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் தேதி அந்த வேட்டை ஆரம்பமாகும். வருஷத்தில் சில நாட்கள் சிலபேர் துப்பாக்கி பிடிப்பதற்காக, மற்ற நாட்களிலும் ஒருவரும் அங்கே நடமாடக் கூடாது என்று ஏற்பட்டது. நடமாடினால் பறவை மிரளுமாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டாக்போர்ட் நகரத்தார் குடிநீருக்காக மேட்டின் அடிவாரத்தில் ஏரி ஒன்று கட்டினார்கள். தண்ணீர் அசுத்தமாகிவிடும் என்பது வழி மறிப்பதற்கு இன்னொரு காரணமாயிற்று.

மான்செஸ்டர் துணியைக் குவித்துக் கொளுத்திய தேசத்தார் நாம். அந்தத் துணியை நூற்றும் நெய்தும் சாயமேற்றியும் பிழைத்த ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார்கள் என்று நாம் விசாரித்ததில்லை. 1931-ஆம் வருஷம் செப்டம்பரில் காந்தியடிகள் லங்காஷயருக்கே போய், வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளிகளை நேரில் கண்டு பேசியது நேயர்களுக்கு நினைவிருக்கும். ஹேபீல்டிலும் பருத்தி ஆலைகள் உண்டு. சீட்டித் துணிக்கு அச்சுக் குத்தும் தொழிற்சாலை மேட்டின் அடியிலேயே இருந்தது. அந்தத் துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் 'காலிக்கோ' என்ற பெயர் நம் கள்ளிக்கோட்டையிலிருந்து போனதுதான். ஆறு நாள் புகையில் உழைத்தவர்களுக்கு ஏழாம் நாள் நல்ல காற்று வேண்டியிருந்தது. 1868-ல் ஹேபீல்டுக்கு ரயில் வந்தது. ஞாயிறு காலையில் வண்டி வண்டியாக ஆண்களும் பெண்களும் வந்து இறங்குவார்கள். ரொட்டிப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டை நோக்கி நடப்பார்கள். பாதி வழியில் அறிவிப்புப் பலகையைக் கண்டு திரும்புவார்கள்.

எல்லோரும் பேசாமல் திரும்பிவிடவில்லை. 1876-லேயே ஹேபீல்டில் பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. 1884-ல் ஜேம்ஸ் பிரைஸ் என்னும் அங்கத்தினர், மலைகளில் ஜனங்கள் நடக்க உரிமை கோரிப் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தார், அது தோற்றது. மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி தோற்றது. இப்படியே பல தடவை. 1897-ல் மட்டும், வேறொரு சங்கத்தார் பல காலம் வாதாடி, ஹேபீல்டிலிருந்து வில்லியம் கிளௌ என்ற பள்ளத்தின் வழியாக மறுபக்கத்து ஸ்நேக் சத்திரம் வரையில் ஒற்றையடிப் பாதை ஒன்றைத் திறந்துவைத்தார்கள். பாதையில் நடக்கலாம், பாதையை விட்டு வலப்புறம் மேட்டில் கால் வைத்தால் காவற்காரர் வருவார். அரை ஆள் அகலத்துக்கு ஓர் உரிமை!

இனி, 1932-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மான்செஸ்டரைச் சேர்ந்த பென்னி ராத்மன் என்ற இளைஞருக்கு அப்போது வயது இருபது. மோட்டார் பழுது பார்க்கும் தொழில், ஆனால் வேலையில்லை. தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் ஒன்றின் சார்பில், கிண்டர் மேட்டின்மேல் கூட்டமாக ஏறப்போவதாக அவரும் தோழர்களும் பகிரங்கமாகவே விளம்பரம் செய்திருந்தார்கள். ரயிலடியில் தடை உத்தரவுடன் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, ராத்மன் சைக்கிளில் ஹேபீல்டு வந்து சேர்ந்தார். ஊர் மைதானத்தில் கூட்டம் போடக் கூடாதென்று பஞ்சாயத்தார் அறிவிப்பு ஒட்டியிருந்தபடியால், ஊருக்கு வெளியே பௌடன் பாலத்தருகில், கல் உடைத்தெடுத்த பழைய குழி ஒன்றில் எல்லோரும் கூடினார்கள். சுமார் 400 பேர் என்று பத்திரிகை எழுதியது. அதற்கும் அதிகம் என்பது ராத்மனின் கணக்கு. பேசுவதாக இருந்தவர் தயங்கவே, ராத்மனே ஒரு பாறையின்மேல் ஏறி நின்று பேசினார். இந்த நிலம் எவ்வாறு பொதுவிலிருந்து போயிற்று என்று சொல்லி, பலாத்காரம் கூடாதென்றும் எச்சரித்தார்.

பாட்டுப் பாடிக்கொண்டு வில்லியம் கிளௌ பள்ளத்தில் ஏறினார்கள். விசில் ஊதியதும் அனைவரும் பாதையை விட்டு விலகி மேட்டுச் சரிவில் பரவி ஏறத் தொடங்கினார்கள். சரிவிலே காவற்காரர் சிலர் தடிகளுடன் நின்றனர். அங்கங்கே தள்ளுமுள்ளு நிகழ்ந்தது. ஒரு காவற்காரருக்குக் கணுக்காலில் அடிபட்டது. மேலே போனதும், மறுபுறத்திலிருந்து ஏறி வந்த ஷெப்பீல்டுக்காரர் சிலரைச் சந்தித்துக் கைகுலுக்கி, ஜயகோஷம் செய்துவிட்டு இறங்கினார்கள். இவ்வளவுதான் நடந்தது. கிண்டரின் உயர்ந்த முகட்டை அவர்கள் தொடவே இல்லை என்பது வேடிக்கை.

வந்த வழியே தலைநிமிர்ந்து கிராமத்துக்குத் திரும்பியபோது போலீஸார் காத்திருந்தனர். காவற்காரர்கள் ஆள் காட்ட, ஐந்து பேரைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே ஒருவர் கைதாகியிருந்தார். ஜூலை மாதம் டெர்பி நகரில் விசாரணை. பிறர் நிலத்தில் காலை வைப்பது அந்நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமே அல்ல! ஆகையால், கலகம் செய்யக் கூட்டம் கூடியதாகவும் காவற்காரரை அடித்ததாகவும் வழக்கு. வழக்கை முதலில் பரிசீலித்த கிராண்ட் ஜூரியில் பிரிகேடியர் ஜெனரல்களும் கர்னல்களும் மேஜர்களும் நிலப் பிரபுக்களும் வீற்றிருந்தார்கள். கிரௌஸ் பறவைகளுக்கு மட்டுந்தான் அதில் பிரதிநிதித்துவம் இல்லை. அவற்றின் கட்சியும் குறைவில்லாமல் கவனிக்கப்பட்டது. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைவாசம் கிடைத்தது. ராத்மனுக்கு நாலு மாதம். அவ்வருஷம் ஜனவரியில் கைதான காந்தியடிகள் அப்போது எரவாடா சிறையில் இருந்தார். இரண்டுக்கும் நேரான சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரே சாம்ராஜ்யத்தின் சட்டப் புஸ்தகம் வெளியூரில் மட்டுமே கண்டிப்பாக இருந்தது என்று எண்ணியிருப்பவர்கள் டெர்பி வழக்கைப் படித்துப் பார்ப்பது நல்லது.

நடைப்பிரியர் சங்கங்களின் பெரிய தலைவர்கள் இந்தக் காரியத்தை ஒப்பவில்லை. பல வருஷமாகப் பிரபுக்களிடம் நயமாகப் பேசி வருவதைச் சிறுபிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கட்சியை அடியோடு தள்ளிவிட முடியாது. 1876-லும் 1897-லும் பொறுமையாகக் காகிதம் எழுதியவர்கள் இல்லாவிட்டால், 1932-ல் விலகி ஓடுவதற்கு ஒரு பாதையே இருந்திராது. ஆனாலும், நயமான பேச்சு கேட்காத காதுகளைச் சிறைத் தண்டனையின் கடுமை திறந்தது. அதே கோடையில் வின்னட்ஸ் கணவாயில் நடந்த உரிமைக் கூட்டத்துக்கு 10,000 பேர் வந்ததாகக் கணக்கு.

1939-ல் வந்த சட்டம் ஒன்று, கொடுப்பதுபோல் பாவனை செய்து பறித்துக்கொண்டது. 1949-ஆம் வருஷத்துச் சட்டமே உண்மையில் கதவைத் திறந்தது. அதன்கீழ் 1951 ஏப்ரலில் இந்தப் பிரதேசம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1982-ல் கிண்டர் மேட்டை நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது ஸ்தாபனம் வாங்கியது. 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தால் மூர் நிலங்களில் கால்போன போக்கில் நடக்கும் உரிமை கிடைத்தது. இங்கிலாந்தின் மொத்த நிலத்தில் இது சுமார் 8 சதவிகிதம். மற்ற 92-ஐப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு வினோதம் சொல்ல வேண்டும். யாருடைய நுரையீரலுக்காக அந்த மேடு தேவைப்பட்டதோ, அவர்கள் வேலை செய்த ஆலைகளின் புகையே அந்த மேட்டைப் பாழாக்கியது. நூறு வருஷத்துக்கு மேலாக மேல்காற்றில் வந்த கரிப்புகையின் அமிலம் பாசியைக் கொன்றது. போர்வையிழந்த பீட் மண் மழையில் கரைந்து ஓடியது. இந்த நூற்றாண்டில் அதற்கு வைத்தியம் நடந்து வருகிறது. ஹெலிகாப்டரில் ஹெதர்த் தழையும் கல்லும் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே சிற்றணைகள் போடுகிறார்கள். பாசியை நாற்றுப்போல நடுகிறார்கள். ஆடுகள் ஏறாமலிருக்க மேட்டைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. ஆட்டுக்குத்தான் அந்த வேலி. மனிதர் தாண்ட அங்கங்கே படி வைத்திருக்கிறார்கள்.

ஹேபீல்டின் ரயில் 1970-ல் நின்றுவிட்டது. தண்டவாளம் இருந்த தடத்தில் இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள். பௌடன் பாலத்துக் கல்குழியின் பாறையில் 1932-ஐ நினைவூட்டும் பலகை பதித்திருக்கிறது. 2002-ஆம் வருஷம் ஏப்ரலில் நடந்த எழுபதாம் ஆண்டு விழாவுக்கு டெவன்ஷயர் டியூக் வந்திருந்தார். அவருடைய பாட்டனார் கிண்டர் நிலத்துக்குச் சொந்தக்காரராயிருந்தவர். தம் பாட்டனார் அன்று செய்தது பெருந்தவறு என்று எல்லார் முன்னிலையிலும் டியூக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. தொண்ணூறாவது வயதில், அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார்.